இங்கிலாந்தில் ஃப்ளாட்டின் லீஸை நீட்டிப்பது: நோட்டீஸுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இந்த வழிகாட்டி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்டு ஃப்ளாட் வைத்திருப்பவர்களுக்கானது. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு என்பதால் அங்கு இது பொருந்தாது. சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் சில லட்சங்களைக் கொடுத்து இரண்டு, மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுவது என்று பொருள். இங்கே லீஸ் என்பது முழு விலை கொடுத்து வாங்கிய ஃப்ளாட்டின் ஆயுட்காலம். அது ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே போகும், முடிந்தால் ஃப்ளாட் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் நிரந்தர உரிமையாளரான ஃப்ரீஹோல்டரிடம் போய்விடும்.

என் ஃப்ளாட்டின் லீஸை நீட்டித்த பிறகு, லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள நண்பர்கள் சிலருக்கு இதே வேலையில் துணையாக இருந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறியதற்குக் காரணம் பெரும்பாலும் படிகளின் வரிசை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் பேச வேண்டியவரிடம் முதலிலும் போனார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. லீஸ் முடியும் தேதியை ஆவணத்தில் பாருங்கள்

சொத்துரிமைகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் சில பவுண்டுகள் செலுத்தி, உங்கள் ஃப்ளாட்டின் உரிமைப் பதிவேட்டையும் லீஸ் ஆவணத்தின் நகலையும் எடுங்கள். ஃப்ளாட் வாங்கியபோது முகவர் சொன்ன ஆண்டுக் கணக்கை நம்பி எதையும் தொடங்க வேண்டாம். அவர் சொன்னது அன்றைய கணக்கு, அதுவும் தோராயமானது.

லீஸில் இரண்டு தேதிகள் இருக்கும்: ஆவணம் கையெழுத்தான தேதி ஒன்று, லீஸ் காலம் தொடங்கும் தேதி மற்றொன்று. கணக்கிட வேண்டியது இரண்டாவதிலிருந்து. ஓர் எடுத்துக்காட்டு: 1983 நவம்பரில் கையெழுத்தான லீஸில் '24 ஜூன் 1981 முதல் 125 ஆண்டுகள்' என்று எழுதியிருக்கிறது. அந்த லீஸ் 2106 ஜூனில் முடிகிறது. கையெழுத்துத் தேதியிலிருந்து எண்ணுபவர் அது 2108 வரை இருப்பதாக நினைத்துக்கொண்டு, 80 ஆண்டு எல்லையை இரண்டரை ஆண்டுகள் தவறவிடுவார். அந்தத் தவறின் விலை அடுத்த பகுதியில் வருகிறது.

பதிவேட்டைப் பார்க்கும்போது உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியுள்ளது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இது வழக்கமான சிக்கல். தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்ற குழப்பத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசையும் பதிவேட்டில் மற்றொரு வரிசையும் இருக்கும். திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் இன்னொன்றாக இருக்கும். வேறுபாடு இருந்தால் அதை இப்போதே வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும்.

2. 80 ஆண்டு எல்லை ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

1993-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்டு சீர்திருத்தச் சட்டப்படி, ஃப்ளாட்டின் உரிமையாளர் மீதமுள்ள காலத்துடன் மேலும் 90 ஆண்டுகளைக் கேட்டுப் பெறலாம். கிரவுண்ட் ரென்ட் எனப்படும் நிலவாடகையும் அத்துடன் ஒரு மிளகளவாகக் குறைந்துவிடும். சட்டத்தில் உண்மையிலேயே மிளகு என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் வாடகை இல்லை என்று பொருள். இதற்கு ஈடாக ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டிய தொகையே பிரீமியம்.

பிரீமியத்தில் மூன்று பகுதிகள் உண்டு. ஃப்ரீஹோல்டர் இழக்கும் நிலவாடகை முதலாவது. லீஸ் முடியும்போது அவருக்குத் திரும்பியிருக்க வேண்டிய ஃப்ளாட்டின் இன்றைய மதிப்பு இரண்டாவது. எதிர்கால மதிப்பை இன்றைய மதிப்பாகக் குறைக்க, இந்த விகிதம் பற்றிய ஸ்போர்டெல்லி வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, ஃப்ளாட்டுகளுக்கு வழக்கமாக ஆண்டுக்கு 5 சதவீத விகிதம் எடுக்கப்படுகிறது. மூன்றாவது 'மேரேஜ் வேல்யூ'. லீஸ் நீளுவதால் ஃப்ளாட்டின் மதிப்பு கூடுகிறதல்லவா, அந்த ஆதாயத்தில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். மீதமுள்ள காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இந்த மூன்றாவது பகுதி கிடையாது.

நீண்ட லீஸுடன் 3,00,000 பவுண்டு பெறும் ஒரு ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். நிலவாடகை ஆண்டுக்கு 250 பவுண்டு, அது உயர்வதில்லை. நிலவாடகைக்கு 6 சதவீத விகிதம் என்று வைத்துக்கொண்டால், 81 ஆண்டுகள் மீதமிருக்கும்போது வாடகை இழப்பு ஏறத்தாழ 4,130 பவுண்டு, திரும்பும் உரிமையின் இழப்பு ஏறத்தாழ 5,700 பவுண்டு, மொத்தம் 9,800 பவுண்டுக்குச் சற்று மேல்.

இரண்டு ஆண்டுகள் தாமதித்து 79-இல் வந்தால் முதல் இரு பகுதிகளும் சேர்ந்து 10,400 ஆகின்றன. அது பெரிய வேறுபாடல்ல. ஆனால் நீட்டிக்காத ஃப்ளாட்டின் மதிப்பு 2,80,000 பவுண்டு என்று இரு தரப்பின் சொத்து மதிப்பீட்டாளர்களான சர்வேயர்கள் ஒப்புக்கொண்டால், மேரேஜ் வேல்யூவில் பாதியாக இன்னும் 4,800 பவுண்டு சேர்ந்து பிரீமியம் 15,200-ஐத் தாண்டுகிறது. லண்டனின் விலையுயர்ந்த பகுதிகளில் இதே வேறுபாடு பல மடங்காகும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் நிலவாடகை என்றால் முதல் பகுதியே வீங்கிவிடும்.

இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்டு மற்றும் ஃப்ரீஹோல்டு சீர்திருத்தச் சட்டம் 90 ஆண்டை 990 ஆண்டாக்குவதாகவும் மேரேஜ் வேல்யூவை நீக்குவதாகவும் சொல்கிறதே, காத்திருக்கலாமா? சட்டம் 2024 மே மாதம் நிறைவேறியது. ஆனால் இதை எழுதும்போது அந்தப் பகுதிகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. என் கருத்து இதுதான்: 80-க்கு மேல் ஓரிரு ஆண்டுகளே மீதமிருந்தால் காத்திருப்பது சூதாட்டம். ஏற்கெனவே 80-க்குக் கீழே போய்விட்டவர்கள், விற்கவோ கடனைப் புதுப்பிக்கவோ அவசரமில்லாவிட்டால், காத்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம். 95 ஆண்டுகள் உள்ளவர் பதற வேண்டியதில்லை. எந்த நிலையிலும், நோட்டீஸ் (நீட்டிப்பைக் கேட்டுச் சட்டப்படி கொடுக்கும் கோரிக்கைக் கடிதம்) அனுப்பும் முன் அன்றைய சட்ட நிலையை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

3. உங்களுக்கு உரிமை உண்டா, யாரிடம் கேட்க வேண்டும்

தொடக்கத்தில் 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கொடுக்கப்பட்ட லீஸ் என்றால் பொதுவாக உரிமை உண்டு. அந்த ஃப்ளாட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு விட்டிருந்தாலும் கேட்கலாம். இரண்டு ஆண்டுகள் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 31 ஜனவரி 2025 அன்று நீக்கப்பட்டது. ஆயினும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்றும் சிலர் காத்திருக்கிறார்கள். ஒரு பங்கை மட்டும் வாங்கி மீதிக்கு வாடகை கட்டும் ஷேர்டு ஓனர்ஷிப் ஃப்ளாட், அறக்கட்டளை வீட்டுவசதி, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருப்பதால் முதலிலேயே ஆலோசனை பெறுங்கள். கட்டடத்தின் ஃப்ரீஹோல்டு ஃப்ளாட்காரர்களிடமே கூட்டாக இருந்தால் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு வழக்கறிஞர் செலவோடு முடித்துவிடலாம். இந்த வழிகாட்டி முழுவதும் தேவைப்படாது.

அடுத்தது, நோட்டீஸ் யாருக்கு என்ற கேள்வி. நிலவாடகைக் கடிதம் அனுப்பும் நிர்வாக நிறுவனம் உங்கள் லேண்ட்லார்டு அல்ல. அது பெரும்பாலும் வெறும் முகவர். ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவே, ஃப்ரீஹோல்டரிடம் லீஸ் வாங்கி உங்களுக்கு லீஸ் கொடுத்த ஒரு தலைமை லீஸ்காரர் இருக்கலாம். அவருடைய லீஸ் உங்களுக்கு 90 ஆண்டுகள் கூட்டிக்கொடுக்கும் அளவு நீளமாக இல்லையென்றால், நோட்டீஸ் அவருக்கு மேலே உள்ளவருக்கே போக வேண்டும். கட்டடத்தின் ஃப்ரீஹோல்டுப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் தெளிவாகவில்லை என்றால் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் தகவல் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். 28 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஃப்ரீஹோல்டர் யாரென்றே தேடிக் கண்டுபிடிக்க முடியாதபோது கவுண்டி நீதிமன்றம் வழியாகப் புதிய லீஸ் பெறும் வழியும் உண்டு. நேரம் பிடிக்கும், ஆனால் வழி அடைபடவில்லை.

4. ஃப்ரீஹோல்டரிடம் முதலில் பேசாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்போம் என்று தொடங்குகிறார்கள். உடனே அழகான கடிதம் ஒன்று வருகிறது: லீஸை மீண்டும் 125 ஆண்டாக்கித் தருகிறோம், தொகை குறைவு, வேலை விரைவு. இதற்கு முறைசாரா நீட்டிப்பு என்று பெயர்.

அந்த வழியில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. காலக்கெடு எதுவும் ஃப்ரீஹோல்டரைக் கட்டாது, தொகை அதிகமென்று தீர்ப்பாயம் போக முடியாது, அவர் எந்த நாளிலும் பின்வாங்கலாம். 2022 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்த நிலவாடகைச் சட்டம் புதிதாகக் கூடும் ஆண்டுகளுக்கு வாடகை வாங்குவதைத் தடுத்துவிட்டது; ஆனால் முறைசாரா நீட்டிப்பில் பழைய லீஸின் மீதமுள்ள காலம் முழுவதும் பழைய வாடகையே தொடரலாம். பேரன் காலம் வரை 250 பவுண்டு கட்டிக்கொண்டிருக்க ஒப்புக்கொள்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நான் அறிந்த ஒரு குடும்பம் 80 ஆண்டும் ஏழு மாதமும் மீதமிருக்கும்போது இப்படிப் பேச்சைத் தொடங்கியது. சர்வேயர் விடுமுறையில் இருக்கிறார், கோப்பு வேறு அலுவலருக்கு மாறிவிட்டது என்று மாதங்கள் ஓடின. எட்டாவது மாதம் வந்த கடிதத்தில் தொகை வேறாக இருந்தது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அவர்கள் கேட்டது ஒரு சலுகை, உரிமை அல்ல.

முறைசாரா சலுகை சில வேளைகளில் உண்மையிலேயே நல்லதாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை எடைபோட உங்கள் சர்வேயரின் கணக்கு முதலில் கையில் இருக்க வேண்டும்.

5. சர்வேயர், வழக்கறிஞர், பணம்: மூன்றும் நோட்டீஸுக்கு முன்

அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்டு ஆலோசனைச் சேவையின் இணையதளத்தில் ஒரு கணிப்பான் இருக்கிறது. அது தோராயமான வரம்பைத் தரும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சர்வேயர், ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர்கள் சங்கத்தின் உறுப்பினராகவும், லீஸ் நீட்டிப்பு மதிப்பீட்டை வழக்கமாகச் செய்பவராகவும், உங்கள் வட்டாரம் அறிந்தவராகவும் இருக்கட்டும். வீடு வாங்கும்போது வந்த சர்வேயர் இதற்குப் பொருத்தமானவர் என்று சொல்ல முடியாது. அவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: நோட்டீஸில் எழுத வேண்டிய தொகை, முடிவாக எதிர்பார்க்கும் தொகை, மோசமான நிலையில் ஆகக்கூடிய தொகை. உங்கள் சொந்தச் செலவில் செய்த மேம்பாடுகளால் கூடிய மதிப்பு கணக்கில் சேராது என்பதால், சமையலறையை விரிவாக்கியது போன்றவற்றை ரசீதுகளுடன் காட்டுங்கள். வெள்ளையடித்தது மேம்பாட்டில் சேராது.

வழக்கறிஞர் தேர்விலும் இதே விதி. லீஸ் நீட்டிப்பு வல்லுநர்களுக்கான ஆலெப் என்ற சங்கம் இருக்கிறது; அதன் உறுப்பினர் பட்டியலில் தேடலாம். ஊர்க்காரர், தெரிந்தவர், வீடு வாங்கித் தந்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். இந்த வேலையில் ஒரு தேதி தவறினால் கோரிக்கையே விழுந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை பிரீமியம் மட்டும் செலவு அல்ல. உங்கள் வழக்கறிஞர், உங்கள் சர்வேயர் ஆகியோருடன், இப்போதைய சட்டப்படி ஃப்ரீஹோல்டரின் நியாயமான வழக்கறிஞர் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். இந்தக் கடமை நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது, பாதியில் விட்டாலும் தொடர்கிறது. பிரீமியத்தைக் கடனில் எடுப்பதாக இருந்தால் வங்கியிடம் இப்போதே பேசுங்கள்.

6. பிரிவு 42 நோட்டீஸ்

1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவின்கீழ் நீட்டிப்பைக் கேட்கும் நோட்டீஸ் இது. இதைக் கொடுக்கும் நாளே மதிப்பீட்டு நாள். வீட்டு விலை பின்னர் ஏறினாலும், பேச்சு ஓராண்டு இழுத்தாலும், மீதமுள்ள ஆண்டுகள் அன்றைய கணக்குப்படியே நிற்கும். முந்தைய ஐந்து படிகளையும் முடித்துவிட்டு இதற்கு வரச் சொல்வதன் காரணம் இதுவே.

நோட்டீஸில் உங்கள் முழுப் பெயர், ஃப்ளாட்டின் விவரம், லீஸின் தேதியும் காலமும், நீங்கள் கொடுக்க முன்வரும் பிரீமியம், புதிய லீஸின் நிபந்தனைகள், உங்கள் சார்பில் செயல்படுபவரின் பெயர், ஃப்ரீஹோல்டர் தரும் பதிலான எதிர் நோட்டீஸுக்குக் கடைசி நாள் ஆகியவை இருக்க வேண்டும். அந்தக் கடைசி நாள் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் தள்ளி இருக்க வேண்டும்; அஞ்சல் தாமதத்துக்காக ஒரு வாரம் கூட்டிக்கொள்வது நல்லது.

நான் பார்த்த பிழைகளைச் சொல்கிறேன். கணவன் மனைவி இருவர் பெயரில் உள்ள ஃப்ளாட்டுக்கு ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுப்பது முதல் பிழை. பதிவேட்டில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்துதான் சட்டத்தின் பார்வையில் லீஸ்காரர். பேரம் பேசுவதாக நினைத்து நகைப்புக்குரிய சிறிய தொகையை எழுதுவது இரண்டாவது பிழை. காடகன் எதிர் மோரிஸ் வழக்கில், உண்மையான முன்மொழிவாக இல்லாத தொகையுடன் வந்த நோட்டீஸ் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வேயர் தரும் கீழ்வரம்பு எண்ணே சரியான தொடக்கம். லீஸில் மூன்றாம் தரப்பாக ஒரு நிர்வாக நிறுவனம் கையெழுத்திட்டிருந்தால் அதற்கும் நோட்டீஸ் கொடுக்க மறப்பது மூன்றாவது. கார் நிறுத்தும் கொட்டகையோ தோட்டமோ ஃப்ளாட்டோடு சேர்த்து லீஸில் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

கொடுத்த உடனே, கோரிக்கை இருப்பதாக லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஃப்ரீஹோல்டரின் பதிவேட்டில் குறிப்புப் பதியச் சொல்லுங்கள். இடையில் அவர் கட்டடத்தை விற்றுவிட்டால் வாங்கியவரையும் உங்கள் நோட்டீஸ் கட்டுப்படுத்த வேண்டுமே.

விற்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விற்பவர் நோட்டீஸ் கொடுத்து, அதன் பலனை லீஸுடன் ஒரே நேரத்தில் வாங்குபவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். லீஸை மட்டும் மாற்றிவிட்டு நோட்டீஸை மறந்தால் அது திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். இரண்டாண்டு நிபந்தனை போய்விட்டதால் வாங்குபவரே பின்னர் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். ஆனால் அவர் பெயர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஏற மாதக்கணக்கில் ஆகக்கூடும். 80-ஐ நெருங்கும் லீஸில் அந்த இடைவெளி ஆபத்தானது.

7. எதிர் நோட்டீஸ் வரும் வரை

ஃப்ரீஹோல்டர் தரப்பு முன்பணம் கேட்கலாம்: நீங்கள் எழுதிய பிரீமியத்தில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, இதில் எது அதிகமோ அது. கேட்ட 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். உங்கள் உரிமைக்கான சான்றைக் கேட்டால் 21 நாட்களுக்குள் தர வேண்டும். அவர்களுடைய சர்வேயர் குறைந்தது மூன்று நாள் முன்னறிவிப்புடன் ஃப்ளாட்டைப் பார்க்க வரலாம். அவரிடம் தேநீர் கொடுத்துப் பேசலாம், ஆனால் விலை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

எதிர் நோட்டீஸ் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் வரும். உரிமையை ஒப்புக்கொண்டு, உங்கள் தொகையை மறுத்து, இரண்டு மூன்று மடங்கு தொகை எழுதியிருந்தால் அதிர்ச்சியடையாதீர்கள். நீங்கள் கீழ்வரம்பிலிருந்து தொடங்கியதைப் போல அவர்கள் மேல்வரம்பிலிருந்து தொடங்குகிறார்கள்.

எதிர் நோட்டீஸ் வரவே இல்லையென்றால், உங்கள் நோட்டீஸில் உள்ள நிபந்தனைகளின்படியே லீஸ் தரும்படி கவுண்டி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு ஆறு மாதக் கெடு, எதிர் நோட்டீஸ் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து ஓடும். வெற்றி நம் பக்கம் என்று மகிழ்ந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டால், கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

8. பேரமும் ஆறு மாதக் கெடுவும்

இனிப் பேசுவது சர்வேயர்களின் வேலை. இரு தரப்பும் அருகில் விற்ற ஃப்ளாட்டுகளின் விலைகளையும், குறுகிய லீஸின் மதிப்பு நீண்ட லீஸில் எத்தனை சதவீதம் என்பதையும் வைத்து வாதிடுவார்கள். நீங்கள் குறுக்கே போய் ஃப்ரீஹோல்டருக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் சர்வேயர் இரண்டு மாதம் பிடித்துவைத்த எண்ணை நீங்களே விட்டுக்கொடுத்துவிடுவீர்கள்.

எதிர் நோட்டீஸ் வந்து இரண்டு மாதம் கழிந்தும் உடன்பாடு இல்லையென்றால், முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். வேல்ஸில் அதற்கான தீர்ப்பாயம் வேறு. எதிர் நோட்டீஸ் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தே ஆக வேண்டும். 'இன்னும் ஆயிரம் பவுண்டுதான் வேறுபாடு, அடுத்த வாரம் முடிந்துவிடும்' என்ற நிலையில்தான் இந்தக் கெடு தவறுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும் கெடுவை நீட்ட முடியாது. தவறினால் அடுத்த 12 மாதங்களுக்குப் புதிய நோட்டீஸ் கொடுக்க இயலாது. ஃப்ரீஹோல்டரின் செலவையும் கட்ட வேண்டும். 80-க்கு மேல் இருந்த லீஸ் அதற்குள் கீழே இறங்கியிருக்கலாம்.

ஆகவே ஐந்தாம் மாதம் பிறந்ததும் பேச்சு எந்த நிலையில் இருந்தாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள். விண்ணப்பித்தது சண்டைக்கான அறிகுறி என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே உடன்பாட்டில் முடிகின்றன.

9. உடன்பாட்டுக்குப் பிறகு

தொகை முடிவானதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வழக்கறிஞரின் கடிதங்களுக்குப் பதில் போடாமல் விடுபவர்கள் உண்டு. நிபந்தனைகள் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புதிய லீஸ் கையெழுத்தாக வேண்டும். ஆகவில்லையென்றால் அடுத்த இரண்டு மாதத்துக்குள் கவுண்டி நீதிமன்றம் போக வேண்டும். அதையும் விட்டால் இத்தனை உழைப்பும் வீண்.

கையெழுத்திடும் முன் வரைவு லீஸைப் படியுங்கள். நிலவாடகை மிளகளவு என்று இருக்கிறதா, 90 ஆண்டு பழைய முடிவுத் தேதியிலிருந்து கூட்டப்பட்டிருக்கிறதா, பழைய லீஸில் இல்லாத புதுக் கட்டணம் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிவுத் தேதியை நீங்களே விரல்விட்டு எண்ணுங்கள். ஃப்ரீஹோல்டரின் செலவுப் பட்டியல் அதிகமாகத் தோன்றினால் விவரம் கேளுங்கள். அதையும் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம்.

சட்டவழி நீட்டிப்பில் உங்கள் வீட்டுக் கடன் தானாகவே புதிய லீஸுக்கு மாறிவிடும். ஆனாலும் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். முத்திரை வரி பற்றிய கேள்வி பிரீமியத்தின் அளவையும், உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. 40,000 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் வழக்கறிஞரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

புதிய லீஸ் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும் வரை கோப்பை மூடவேண்டாம். பதிவானதும் புதிய பதிவேட்டின் நகலை எடுத்துப் பெயரையும் காலத்தையும் சரிபாருங்கள். பிறகு நிலவாடகைக்காக வங்கியில் போட்டிருந்த நிரந்தர உத்தரவை நிறுத்துங்கள். என் நண்பர் ஒருவர் இதை மறந்து, லீஸ் நீட்டித்த பிறகும் ஒன்றரை ஆண்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தார். பராமரிப்புக் கட்டணம் வேறு, அது வழக்கம்போல் தொடரும்.